படபடப்புக்கு என்ன பெயர்?

நாஞ்சில் நாட்டுக் கோயில் கொடையில் முதன்முதலாக வில்லுப்பாட்டுப் பாட உட்காரும் பிள்ளைக்கு நெஞ்சு படபடக்கும். வீசுகோல் பிடித்த கை வியர்க்கும். “பயப்படாத மக்ளே” என்போம். அது ஏன் பலிப்பதில்லை? அட்ரினலின் ஏறிய உடம்பு சொன்னவுடன் அடங்காது. ஆனால் பயத்திலும் உற்சாகத்திலும் இதயம் ஏறத்தாழ ஒரேபோலத்தான் துடிக்கிறது. அதனால் துடிப்பை அடக்குவதைவிட அதன் பெயரை மாற்றுவது எளிது.

ஹார்வர்டைச் சேர்ந்த அலிசன் உட் புரூக்ஸ் 2014இல் வெளியிட்ட ஆய்வில், பாடுமுன் ‘எனக்கு உற்சாகமாக இருக்கிறது’ என்று வாய்விட்டுச் சொன்னவர்கள், ‘பதற்றமாக இருக்கிறது’ என்றவர்களைவிடச் சுருதியும் தாளமும் பிசகாமல் பாடினார்கள். இத்தனைக்கும் அவர்கள் இதயத் துடிப்பு தணியவில்லை! என்னை மிகவும் வியக்க வைப்பது இதுதான். அதே துடிப்பை ஆபத்தாக எண்ணாமல், வாய்ப்பாக எண்ணினார்கள்.

அடுத்த கொடையில் “உற்சாகமா இருக்கா மக்ளே?” என்று கேட்டுப் பாருங்கள்.