மருத்துவக் குறியீட்டியல்: தானே கற்றுச் சான்றிதழ் பெறும் நெறி

முன்னுரை

சென்ற ஆண்டு இறுதித் தேர்வு முடிந்த மறுநாள், பகுதி-1 தமிழ் வகுப்பில் எம்மிடம் பயின்ற விலங்கியல் மாணவி ஒருவர் தம் தந்தையாருடன் துறைக்கு வந்தார். மருத்துவக் குறியீட்டுப் பயிற்சிக்கென ஒரு நிலையத்தார் பெருந்தொகை கேட்கின்றனர். வீட்டு நகையை அடகு வைத்துக் கட்டலாமா, அன்றி வீட்டிலிருந்தே கற்க இயலுமா என்பது அவர்தம் வினா. அன்று உடனே விடை கூற எம்மால் இயலவில்லை. பின்னர் உரிய நூல்களைப் படித்தும், அத்தொழிலில் உள்ள பழைய மாணவர்களை வினவியும் அறிந்தவற்றை ஈண்டுத் தொகுத்துரைக்கின்றோம். அவ்வினாவைக் கேட்கும் வீடுகள் பல என்பதே இக்கட்டுரை எழுந்ததற்குக் காரணம்.

குறியீடு என்பது யாது?

அமெரிக்க நாட்டில் நோயாளி மருத்துவரிடம் செல்கிறார். மருத்துவர் நோயையும் தாம் செய்த சிகிச்சையையும் குறிப்பாக எழுதி வைக்கிறார். கட்டணத்தின் பெரும்பகுதியைக் காப்பீட்டு நிறுவனமோ அரசின் காப்பீட்டுத் திட்டமோ செலுத்துகிறது. அவ்வாறு செலுத்துவோருக்கு மருத்துவரின் நீண்ட குறிப்பை எண்ணும் எழுத்தும் கலந்த சுருக்கமான குறியீடுகளாக மாற்றி அனுப்ப வேண்டும். இம்மாற்றுப் பணியே மருத்துவக் குறியீட்டுப் பணி எனப்படும். இதனைச் செய்வோர் ‘கோடர்’ எனப்படுவர். மருத்துவக் குறிப்புகள் கணினி வழியே கடல் கடந்து வருவதால், சென்னை, கோயம்புத்தூர், திருச்சிராப்பள்ளி முதலிய நகரங்களில் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் இப்பணியில் அமர்ந்துள்ளனர்.

நோய்களை வகைப்படுத்தும் முயற்சி பழமையானது. இலண்டன் நகரின் இறப்புப் பட்டியல்களை ஆராய்ந்து ஜான் கிராண்ட் 1662இல் நூல் வெளியிட்டார். பிரான்சு நாட்டுப் புள்ளியியல் அறிஞர் ழாக் பெர்த்தியோன் இறப்புக் காரணங்களின் பட்டியலை வகுத்தளிக்க, 1893இல் சிகாகோவில் கூடிய பன்னாட்டுப் புள்ளியியல் கழகம் அதனை ஏற்றது. 1948இல் அதன் ஆறாம் திருத்தத்தை உலக நலவாழ்வு நிறுவனம் வெளியிட்டது. இறப்பு மட்டுமன்றி நோய்களும் அப்போது பட்டியலில் இடம்பெற்றன. பத்தாம் திருத்தம் 1990இல் ஏற்கப்பட்டது. அதனை விரித்தமைத்த ‘ஐ.சி.டி.-10-சி.எம்.’ என்னும் தொகுதியை அமெரிக்கா 2015 அக்டோபர் 1 முதல் கைக்கொண்டுள்ளது.

கற்போர் கையில் இருக்க வேண்டிய நூல்கள் மூன்று. முதலாவது, நோயைக் குறிக்கும் ஐ.சி.டி.-10-சி.எம். இரண்டாவது, மருத்துவர் செய்த செயலைக் குறிக்கும் ‘சி.பி.டி.’, இதனை அமெரிக்க மருத்துவச் சங்கம் 1966இல் முதன்முதல் வெளியிட்டது. மூன்றாவது, மருந்து, கருவி, நோயாளர் ஊர்தி முதலியவற்றுக்குரிய ‘எச்.சி.பி.சி.எஸ்.’ இரண்டாம் நிலை. எந்நோய் என்பதை முதல் நூலும், என்ன செய்யப்பட்டது என்பதை இரண்டாம் நூலும், எப்பொருள் வழங்கப்பட்டது என்பதை மூன்றாம் நூலும் கூறுகின்றன எனலாம்.

இலக்கணம் கற்றவர்க்கு எளிது

மருத்துவச் சொற்களைக் கண்டு நம் மாணவர் அஞ்சுகின்றனர். நன்னூலின் பகுபத உறுப்பிலக்கணம் கற்றவர் அஞ்ச வேண்டுவதில்லை. ‘கார்டியாலஜி’ என்பதில் ‘கார்டி’ என்பது இதயத்தைக் குறிக்கும் பகுதி. ‘லஜி’ என்பது இயல் எனப் பொருள்படும் விகுதி. இடையே நிற்கும் ‘ஓ’ என்னும் உயிர் நம் சாரியை போன்றது. ‘ஐடிஸ்’ என முடிந்தால் அழற்சி. ‘எக்டமி’ என முடிந்தால் வெட்டி நீக்குதல். எனவே ‘அப்பெண்டிசைட்டிஸ்’ குடல்வால் அழற்சி. ‘அப்பெண்டெக்டமி’ குடல்வால் நீக்கம். முன்னது நோயாதலின் முதல் நூலிலும், பின்னது செயலாதலின் இரண்டாம் நூலிலும் தேடப்படும். முன்னொட்டு என்பது மட்டுமே நமக்குச் சற்றுப் புதிது. இவ்வாறு சில நூறு உறுப்புகளை அறிந்தால் பல ஆயிரம் சொற்களின் பொருள் விளங்கும்.

விதியும் புறனடையும்

குறியீடுகளை மனப்பாடம் செய்வதே இக்கல்வி எனக் கருதுவோர் உளர். அது பிழையான கருத்து. ஐ.சி.டி. தொகுதியில் மட்டும் ஏறத்தாழ 70,000 குறியீடுகள் உள்ளன. அவற்றை நெஞ்சில் நிறுத்தல் எவர்க்கும் இயலாது. கற்க வேண்டியவை விதிகளே. ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவோம். குறியீட்டின் முதலில் வரும் ஆங்கில எழுத்தின் ஒலியை ஈண்டுத் தமிழில் தருகின்றோம்.

முன்பே அறிமுகமான நோயாளி ஒருவர் மருத்துவரிடம் வருகிறார். ‘இரண்டாம் வகை நீரிழிவு, மிகை இரத்த அழுத்தம், நாட்பட்ட சிறுநீரக நோய் 3ஏ நிலை’ என மருத்துவர் எழுதுகிறார். விதியறியாதவர் மூன்று நோய்களையும் தனித்தனியே தேடி, ஈ11.9, ஐ10, என்18.31 என எழுதுவார். முதலிரண்டும் தவறு. ஈ11.9 என்பது சிக்கல் எதுவும் இல்லாத நீரிழிவைக் குறிப்பது.

தமிழில் மூன்றாம் வேற்றுமைக்குக் கருவிப் பொருளும் உண்டு. உடனிகழ்ச்சிப் பொருளும் உண்டு. ‘நீரிழிவோடு வந்தது’, ‘நீரிழிவால் வந்தது’ ஆகிய இரண்டும் வெவ்வேறு பொருளன. குறியீட்டு விதியோ, அகரவரிசையில் ‘உடன்’ என்னும் சொல்லின்கீழ் இணைத்துக் காட்டப்பெற்ற நோய்கள் ஒருவரிடம் ஒருங்கே இருப்பின், ஒன்றால் மற்றொன்று வந்ததாகவே கொள்க என்கிறது. சிறுநீரக நோய்க்கு வேறு காரணம் உண்டென மருத்துவர் எழுதியிருப்பின் இவ்விதி செல்லாது. அஃது இதற்குப் புறனடை. எனவே நீரிழிவுச் சிறுநீரக நோய்க்கு ஈ11.22, இரத்த அழுத்தச் சிறுநீரக நோய்க்கு ஐ12.9, நோயின் நிலையைக் காட்ட என்18.31 என்பனவே சரியான விடை. நிலையைக் காட்டும் குறியீட்டைக் கூடுதலாகச் சேர்க்குமாறு நூலே அவ்விடத்தில் அறிவுறுத்துகிறது. நூற்பாவும் உரையும் புறனடையும் சேர்த்துப் படித்துப் பழகிய மாணவர்க்கு இம்முறை அயலானதன்று.

எழுதப்பட்டதே சான்று

காய்ச்சலும் இருமலுமாகப் புறநோயாளர் பிரிவுக்கு வந்த ஒருவருக்கு, ‘நுரையீரல் அழற்சியாக இருக்கலாம்’ என மருத்துவர் எழுதுகிறார் எனக் கொள்வோம். புறநோயாளரைப் பொறுத்தவரை ‘இருக்கலாம்’, ‘ஐயம்’ என்பவற்றை நோயாகக் குறியிடல் ஆகாது. காய்ச்சலையும் இருமலையும் மட்டுமே குறியிட வேண்டும். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்று வெளியேறுபவரின் குறிப்பில் அவ்வாறு இருந்தால், மருத்துவமனைக் கணக்கில் அந்நோய் இருந்ததாகவே குறியிடலாம். சொல் ஒன்றே, இடம் மாறும்போது விதி மாறுகிறது. தவறாகக் குறியிட்டால், வராத நோய் ஒன்று அம்மனிதரின் ஏட்டில் ஏறிவிடும். பின்னர் அதனைப் படிக்கும் மருத்துவரும் காப்பீட்டாரும் அதனை மெய்யெனவே கொள்வர்.

பணமும் இதில் கலந்துள்ளது. மேற்கூறிய நீரிழிவு நோயாளியின் நோய்கள் கட்டுக்குள் இருந்து, மருத்துவர் மருந்துகளை ஆராய்ந்து எழுதித் தந்திருப்பின், அச்சந்திப்பின் குறியீடு 99214. அதனை 99215 என உயர்த்தினால் கூடுதல் தொகை கிடைக்கும். அவ்வாறு அறிந்தே உயர்த்துதல் அந்நாட்டில் மோசடியாகும். அரசுத் திட்டத்திற்குரிய கணக்காயின், 1863இல் இயற்றப்பட்ட பொய்க்கோரிக்கைச் சட்டம் அதன்மேல் பாயும். முகமறியாத ஒருவரின் உடல்நிலையும் அவர்தம் பணமும் கோடரிடம் ஒப்படைக்கப்படுகின்றன. நம்மூர்ப் பெரியவர்கள் அமானிதம் என்று சொல்வார்களே, அத்தகையதே இது.

தேர்வின் அமைப்பு

அமெரிக்காவில் 1988இல் தோன்றிய ‘ஏ.ஏ.பி.சி.’ என்னும் அமைப்பு ‘சி.பி.சி.’ என்னும் சான்றிதழ்த் தேர்வை நடத்துகிறது. நம் நாட்டில் பெரிதும் நாடப்படுவது இதுவே. வினாக்கள் 100, காலம் 4 மணி நேரம், தேர்ச்சிக்கு 70 விழுக்காடு வேண்டும். அனைத்தும் விடையைத் தேர்ந்தெடுக்கும் வினாக்கள். அறுவைப் பகுதியிலிருந்து மட்டும் 36 வினாக்கள் வரும். இறுதி 10 வினாக்கள் முழு மருத்துவக் குறிப்பைப் படித்து விடை காண்பன.

மேற்கூறிய மூன்று நூல்களையும் தேர்வில் திறந்து பார்க்கலாம். ஆயினும் இதனை எளிய தேர்வு என எண்ணற்க. வினா ஒன்றுக்குக் கிடைப்பது 2 நிமிடம் 24 நொடி மட்டுமே. நூலில் எங்கே எது உள்ளது என்பதைக் கை அறிந்திருக்க வேண்டும்.

தானே கற்கும் முறை

இத்தேர்வை எழுத, பயிற்சி நிலையத்தில் பயின்றிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கீழ்வரும் வரிசை பயன் தரும்.

முதலில், மருத்துவச் சொல்லமைப்பும் உடலியலும் கற்க. கல்லூரி நூலகத்திலுள்ள உடலியல் நூல்களே இதற்குப் போதுமானவை.

அடுத்து, ஐ.சி.டி. தொகுதிக்குரிய அதிகாரபூர்வ வழிகாட்டு விதிகளைப் படிக்க. அமெரிக்க அரசு இவற்றை விலையின்றி வழங்குகிறது. குறியீட்டுப் பட்டியலும் அவ்வாறே. ஒவ்வோர் அதிகாரத்தையும் படித்தபின், அதனைத் தமிழில் தம் சொற்களால் ஒரு பக்கம் எழுதிப் பார்த்தல் நன்று. எழுத இயலாவிடின் விளங்கவில்லை என்பது பொருள்.

மூன்றாவதாக, சி.பி.டி. நூல். இது பதிப்புரிமை உடையது, விலைக்கே கிடைக்கும். ஆண்டுதோறும் சனவரியிலும், ஐ.சி.டி. அக்டோபரிலும் புதுப்பிக்கப்படுவதால், பயிற்சிக்குப் பழைய பதிப்பை இரவல் பெறலாம். தேர்வுக்கு நடப்பு ஆண்டின் நூல் வேண்டும். ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் உள்ள விதிகளைக் குறியீடுகளுக்கு முன் படிக்க வேண்டும்.

நான்காவதாக, அகரவரிசையில் கண்ட குறியீட்டை அப்படியே எழுதாமல், வரிசைப் பட்டியலுக்குச் சென்று அங்குள்ள சேர்க்கை, விலக்குக் குறிப்புகளைப் பார்த்த பின்னரே எழுதும் வழக்கத்தை மேற்கொள்க. பெரும்பாலான பிழைகள் இவ்வொரு வழக்கத்தால் நீங்கும்.

இறுதியாக, கடிகாரத்தை முன்வைத்து மாதிரித் தேர்வுகள் எழுதுக. தவறிய வினா ஒவ்வொன்றுக்கும், எந்த விதியை மறந்தோம் என்பதைத் தனி ஏட்டில் குறித்து வைக்க.

மறைக்கலாகாத உண்மைகள்

தேர்வில் வென்றாலும், அனுபவம் இல்லாதவர்க்குச் சான்றிதழில் ‘ஏ’ என்னும் எழுத்து சேர்க்கப்படும்; அது பயிலுநர் நிலையைக் குறிக்கும். ஈராண்டுப் பணியனுபவம் காட்டினால் அது நீங்கும். 80 மணி நேர வகுப்புச் சான்று ஓராண்டு அனுபவத்திற்கு ஈடாகக் கொள்ளப்படுவதால், தானே கற்றவர் அச்சலுகையை இழக்க நேரும். சான்றிதழைக் காக்க ஈராண்டுக்கு ஒருமுறை 36 தொடர்கல்விப் புள்ளிகளும் வேண்டும். தேர்வுக் கட்டணமும் உறுப்பினர் கட்டணமும் டாலரில் அமைந்தவை.

நிறுவனங்கள் பல உயிரியல், செவிலியம், மருந்தியல், இயன்முறை மருத்துவம் பயின்றோரையே விரும்பி ஏற்கின்றன. பிற துறையினர் நூல் வாங்குமுன் வேலை தருவோரின் நிபந்தனைகளை விசாரித்தறிதல் நலம். கணினியே குறியீடுகளைப் பரிந்துரைக்கும் முறையும் வந்துவிட்டது. எனினும் அப்பரிந்துரை விதிக்கு ஒத்ததா எனத் தெளிவதற்கு விதியறிந்தவர் வேண்டும். குறியீட்டை மட்டும் அறிந்தவர்க்கே இடம் குறையும்.

முடிவுரை

அத்தந்தையார்க்கு நாம் பின்னர்க் கூறிய விடை இது: ‘நகை வீட்டிலேயே இருக்கட்டும். விலையின்றிக் கிடைக்கும் விதிகளை மகள் மூன்று திங்கள் நாள்தோறும் இரண்டு மணி நேரம் படிக்கட்டும். ஆர்வம் நிலைத்தால் நூல்களையும் தேர்வுக் கட்டணத்தையும் பற்றி எண்ணுவோம். நிலைக்காவிடின் இழப்பு ஏதும் இல்லை.’ அவர் ஏற்றுச் சென்றார். அம்மாணவி இப்போது சி.பி.டி. நூலின் அறுவைப் பகுதியில் இருக்கிறார். பிழை குறிக்கும் தனி ஏடு ஒன்று நிறைந்து, இரண்டாவது ஏடு தொடங்கியிருக்கிறது.

மாணவச் செல்வங்களே! ஆசிரியர் இல்லாமல் கற்பது என்பது கண்டிப்பு இல்லாமல் கற்பது அன்று. அக்கண்டிப்பைத் தாமே தமக்கு விதித்துக்கொள்வதாகும். எழுதியதை எழுதியவாறு படிக்கவும், விதியோடு புறனடையையும் பார்க்கவும் தமிழ் வகுப்பில் பழகியிருக்கிறீர்கள். அப்பழக்கம் இத்தொழிலிலும் உங்களுக்குத் துணை நிற்கும்.