ஜப்பானைப் பார்த்த வெளிநாட்டார் என்னென்ன எழுதி வைத்திருக்கிறார்கள், தெரியுமா?

ரயில் 20 விநாடி முன்னதாகக் கிளம்பிவிட்டது என்பதற்காக ஒரு ரயில் நிறுவனம் பயணிகளிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது, தெரியுமா? 2017 நவம்பர் 14 அன்று, டோக்கியோவிலிருந்து ட்சுகுபா நகருக்கு ஓடும் வழித்தடத்தில், மினாமி நாகரேயாமா நிலையத்தில் நடந்தது இது. காலை 9 மணி 44 நிமிடம் 40 விநாடிக்குப் புறப்பட வேண்டிய வண்டி 20 விநாடி முந்திக்கொண்டது. பயணிகள் ஒருவர்கூடப் புகார் சொல்லவில்லை. ஆனாலும் நிறுவனம் அறிக்கை விட்டு வருத்தம் தெரிவித்தது. உலகப் பத்திரிகைகள் மாய்ந்து மாய்ந்து எழுதின. நேரந்தவறாமை ஜப்பானியரின் ரத்தத்திலேயே ஊறிய குணம் என்று எல்லோரும் தலையாட்டினார்கள்.

சரி, அதற்குச் சரியாக 160 ஆண்டு முன்னால் என்ன நிலைமை தெரியுமா? 1857-இல் ஜப்பானியருக்குக் கப்பல் ஓட்டக் கற்றுக்கொடுக்க நாகசாகிக்கு வந்தார் கட்டண்டைக் என்ற டச்சுக் கடற்படை அதிகாரி. அவருடைய நினைவுக் குறிப்புகளில் ஒரே புலம்பல்! கப்பல் பழுதுபார்க்கக் கேட்ட மரம் சொன்ன நாளில் வந்து சேர்வதில்லை, வேலைக்கு வந்தவன் ஒரு நாள் முகம் காட்டிவிட்டு மறுநாள் காணாமல் போகிறான், இந்த ஜனங்களின் நிதானம் என்னை அசரவைக்கிறது என்கிற தொனியில் எழுதியிருக்கிறார். ஆம், ஜப்பானியரைப் பற்றித்தான்!

காரணத்தைக் கேட்டால் இன்னும் வியப்பு. அன்றைய ஜப்பானில் மணி என்பதே நிலையான அளவு இல்லை. விடியலிலிருந்து அந்திவரை ஆறு பங்கு, இரவுக்கு ஆறு பங்கு. ஆகவே கோடையில் பகல் மணி நீளும், குளிர்காலத்தில் சுருங்கும். இந்தப் போக்குக்கு ஈடுகொடுக்கிற மாதிரியே கடிகாரங்களையும் செய்து வைத்திருந்தார்கள் அந்தக் கெட்டிக்காரர்கள். நிமிடக் கணக்கு யாருக்கும் தேவைப்படவில்லை. 1872 அக்டோபரில் டோக்கியோவின் ஷிம்பாஷிக்கும் யோகஹாமாவுக்கும் இடையே முதல் ரயில் ஓடியது. 1873 ஜனவரி 1 முதல் புதிய நாட்காட்டியும் 24 மணி நேரக் கணக்கும் வந்தன. ரயிலும் பள்ளிக்கூடமும் ஆலைச் சங்கும் ராணுவமும் சேர்ந்து ஒரு தேசத்தையே கடிகாரத்துக்குப் பழக்கின. அப்போதும் ஒரே நாளில் மாறிவிடவில்லை. அங்கே பல ஆண்டு வாழ்ந்த அமெரிக்கப் பாதிரியார் சிட்னி குலிக் 1903-இல் வெளியிட்ட நூலில்கூட, காலம் போவதைப் பற்றிக் கவலையே படாத சோம்பேறிகள் என்ற எண்ணத்தைப் பலர் தோற்றுவிக்கிறார்கள் என்று இருக்கிறது. ரத்தத்தில் ஊறியதாம்! பழகினால் வருவது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

நேரில் போகாமலே ஜப்பானைப் பற்றி அளந்தவர்களும் உண்டு. அங்கே அரண்மனைக் கூரையே தங்கத் தகடு என்று சொன்ன மார்க்கோ போலோ அந்த மண்ணை மிதித்ததே இல்லை. அந்தத் தங்கத் தீவைத் தேடித்தான் 1492-இல் கொலம்பஸ் மேற்கே கப்பலை விட்டார். கியூபா என்ற பெரிய தீவு இருப்பதைக் கேள்விப்பட்டதும், அதுதான் ஜப்பான் என்று நம்பி அங்கே விரைந்தார்!

போய்ப் பார்த்து எழுதியவர்களில் ஒருவர் நமக்கு ரொம்பவே தெரிந்தவர். 1542 முதல் முத்துக்குளித்துறையில், மணப்பாட்டுக் கடற்கரையில், பரதவர் குடிசைகளில் தமிழில் ஜெபம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த புனித சவேரியார்தான், 1549 ஆகஸ்ட் 15 அன்று ககோஷிமாவில் போய் இறங்கினார். இதுவரை நாம் கண்டறிந்த மக்களில் இவர்களே சிறந்தவர்கள் என்று அந்த நவம்பரிலேயே கடிதம் எழுதிவிட்டார். ஏழ்மையை இழிவாக நினைக்காதவர்கள், மானத்தைப் பெரிதாக மதிப்பவர்கள், நிறையப் பேருக்கு எழுதப் படிக்கத் தெரிந்திருக்கிறது என்று அடுக்கிக்கொண்டே போகிறார். மணப்பாடு வெயிலில் நடந்த அதே கால்கள்!

அவருக்குப் பின்னால் வந்த லூயிஸ் ஃப்ரோயிஸ் செய்த காரியம்தான் எனக்கு எல்லாவற்றிலும் பெரிய அதிசயம். போர்ச்சுக்கீசியரான இந்தப் பாதிரியார் 1563-இல் ஜப்பானுக்கு வந்தார், 1597-இல் நாகசாகியிலேயே மறைந்தார். 1585-இல் ஒரு சின்ன நூல் எழுதினார். ஐரோப்பாவில் இப்படி, ஜப்பானில் அதற்கு நேர்மாறாக இப்படி என்று 600-க்கும் மேற்பட்ட ஒப்பீடுகள்! நாங்கள் குதிரையில் இடது காலை வைத்து ஏறுகிறோம், இவர்கள் வலது காலை வைத்து. எங்கள் பெண்கள் பல்லை வெளுக்கப் பார்க்கிறார்கள், இவர்கள் மெனக்கெட்டுக் கறுப்பாக்குகிறார்கள். நாங்கள் தங்கத்தையும் ரத்தினத்தையும் பூட்டி வைக்கிறோம், இவர்களோ தேநீர்ச் சடங்குக்கான பழைய கொதிகலனையும் விரிசல் விட்ட மண்சட்டியையும் பொக்கிஷமாகக் காக்கிறார்கள். நாங்கள் கையால் சாப்பிடுகிறோம், இவர்கள் குழந்தையிலிருந்தே இரண்டு குச்சிகளால். கையால் சாப்பிட்டது யார்? ஐரோப்பியர்!

பெண்களைப் பற்றி அவர் எழுதியதைக் கேளுங்கள். எங்கள் நாட்டில் பெண்கள் எழுதுவது அபூர்வம், இங்கே எழுதத் தெரியாதது கண்ணியமான குடும்பப் பெண்களுக்கு ஒரு குறை. எங்கள் மனைவிமார் கணவன் அனுமதியில்லாமல் வாசல் தாண்ட முடியாது, இங்கே சொல்லாமலே போய் வருகிறார்கள். இங்கே புருஷன் சொத்து வேறு, பெண்டாட்டி சொத்து வேறு, சில சமயம் பெண்டாட்டி புருஷனுக்கே வட்டிக்குக் கடன் கொடுக்கிறாள்! 1585-இல்! எங்கள் ஊரில் பிள்ளைகளைப் பிரம்பால் விளாசுகிறோம், இங்கே வாயால் கண்டிப்பதோடு சரி என்பதும் அவர் குறிப்புதான். இத்தனை அற்புதமான கையெழுத்துப் பிரதி மாட்ரிட் நூலகம் ஒன்றில் கிடந்து 1946-இல்தான் கண்ணில் பட்டது. ஜப்பானியப் பெண் எப்போதும் அடங்கிக் கிடந்தவள் என்று நினைப்பவர்கள் இந்த ஒரு நூலைப் புரட்டினால் போதும்.

பார்க்கப் போனவர்களையே ஜப்பானியர் வேடிக்கை பார்த்த கதைகள் இன்னும் சுவாரஸ்யம். 1581-இல் யசுகே என்ற ஆப்பிரிக்கர் கியோட்டோ வந்தபோது, அந்தக் கறுப்பு நிஜமா, மையா என்று தேய்த்துப் பார்க்கச் சொன்னார் அன்று நாட்டில் ஓங்கியிருந்த படைத்தலைவர் ஒடா நொபுனாகா. பிறகு அவரைத் தன் பரிவாரத்திலேயே சேர்த்துக்கொண்டார். நாடு கதவை அடைத்திருந்த காலத்தில் ஐரோப்பியரில் டச்சு வணிகர்களுக்கு மட்டும் நாகசாகியின் டெஜிமா என்ற விசிறி வடிவச் செயற்கைத் தீவில் இடம். அங்கே மருத்துவராக இருந்த எங்கல்பெர்ட் கெம்ப்ஃபர் 1691-இலும் 1692-இலும் ஆட்சித் தலைநகர் எதோவுக்கு (இன்றைய டோக்கியோ) போய், ராணுவ ஆட்சியாளரான ஷோகுனை வணங்க வேண்டியிருந்தது. மூங்கில் திரைக்குப் பின்னால் ஷோகுனும் அரண்மனைப் பெண்களும் உட்கார்ந்துகொண்டு நட, குதி, ஆடு, பாடு, குடிகாரன் மாதிரி நடி என்று சொல்லச் சொல்ல, அந்த ஜெர்மானிய மருத்துவர் காதல் பாட்டுப் பாடி ஆடியும் காட்டினார். அவரோ அந்தப் பயணங்களிலேயே சாலை, பாலம், சத்திரம், செடிகொடி என்று ஒன்றுவிடாமல் குறித்துக்கொண்டார். அவர் இறந்து 11 ஆண்டு கழித்து, 1727-இல் லண்டனில் வெளியான அந்த நூலைப் படித்துத்தான் ஐரோப்பா நெடுங்காலம் ஜப்பானை அறிந்தது.

அடுத்தவர் ஆங்கிலேயப் பயண எழுத்தாளர் இசபெல்லா பேர்ட். 1878, வயது 46, தீராத முதுகுவலி, கூட ஓர் இளம் மொழிபெயர்ப்பாளர் இட்டோ, அவ்வளவுதான் துணை. வெள்ளைக்காரர் கால் அதிகம் படாத வடக்குக் கிராமங்கள் வழியாக ஹொக்கைடோ தீவின் ஐனு பழங்குடிக் குடியிருப்புகள் வரை மட்டக்குதிரையில் போய்விட்டார் இந்த அம்மையார்! 1,200 மைல் பயணத்தில் ஓர் ஆபத்தும் இல்லை, ஒரு மரியாதைக் குறைவும் இல்லை என்று எழுதினார். யுசாவா ஊரில் இவரைப் பார்க்கக் கூட்டம் அலைமோதி, பின்னால் நின்றவர்கள் ஏணி வைத்துப் பக்கத்துக் கூரையில் ஏற, கூரை மடமடவென்று இடிந்து சுமார் 50 பேர் கீழே இருந்த காலி அறைக்குள் விழுந்தார்கள். விடுதிகளில் காகிதக் கதவின் ஓட்டைதோறும் ஒரு கண்! தெள்ளுப்பூச்சி, வறுமை, சொறிசிரங்கு, கண்நோய் எதையும் அவர் மறைக்கவில்லை. அதனாலேயே அவர் புகழும்போது நம்பத் தோன்றுகிறது.

அப்படி அவர் கண்ட காட்சிகளில் இரண்டு மறக்கவே முடியாதவை. நிக்கோ அருகே ஒரு கிராமத்தில் காலை ஆறு மணிக்குக் குட்டைச் சுவரில் வரிசையாகப் பன்னிரண்டு பதினான்கு ஆண்கள். ஒவ்வொருவர் கையிலும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை. கொஞ்சுகிறார்கள், ஒருவருக்கொருவர் தம் பிள்ளையின் சமர்த்தைச் சொல்லிப் பெருமைப்படுகிறார்கள். அப்பாக்கள்! இன்னொன்று, ஒரு நாள் பயண முடிவில் மூட்டை கட்டும் வார் ஒன்று குறைந்தது. இருட்டிவிட்டது. ஆனாலும் குதிரைக்காரர் வந்த வழியே ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர் திரும்பிப் போய்த் தேடி எடுத்து வந்தார். காசு நீட்டினால் வாங்க மறுத்துவிட்டார். எல்லாவற்றையும் சரியாக ஒப்படைப்பதுதானே என் வேலை என்றாராம்.

இதே வியப்பு எட்வர்ட் மோர்ஸுக்கும். கிளிஞ்சல் போன்ற ஒரு கடல் உயிரினத்தை ஆராய 1877-இல் வந்த அமெரிக்கர் இவர். வந்த சில நாளிலேயே, ரயில் ஜன்னல் வழியாக ஓமோரியில் ஒரு சிப்பி மேட்டைப் பார்த்தார். தோண்டினால் வரலாற்றுக்கு முந்தைய பானைகள்! ஜப்பானின் தொல்லியல் அந்த ஜன்னலோரத்தில் பிறந்தது. ஹிரோஷிமா விடுதி ஒன்றில் தன் கடிகாரத்தையும் பணத்தையும் பத்திரமாக வைக்கக் கொடுத்தார். பணிப்பெண் ஒரு தட்டைக் கொண்டுவந்து, அதில் வைக்கச் சொல்லி, பூட்டே இல்லாத அறையில் பாய் மேலேயே விட்டுவிட்டுப் போனார். ஊர் சுற்றித் திரும்பி வந்து பார்த்தால் வைத்தது வைத்தபடி!

அவர் செய்த இன்னொரு நல்ல காரியம், எவரும் பொருட்படுத்தாத சாமான்களைச் சேகரித்தது. மரச் செருப்பு, பொம்மை, சமையல் பாத்திரம், குடை என்று அவர் சேர்த்தவை அமெரிக்காவின் சேலம் நகர அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அன்றாடம் புழங்கித் தேய்ந்து எறிந்த பொருளை ஊர்க்காரர் யார் எடுத்து வைப்பார்கள்? இன்று ஜப்பானியரே தம் பாட்டன் காலத்தைப் பார்க்க அவர் சேகரிப்பைத் தேடுகிறார்கள். 1923 நிலநடுக்கத் தீயில் டோக்கியோ பல்கலைக்கழக நூலகம் சாம்பலானது என்று கேட்டதும், தன் நூல்கள் அத்தனையும் அந்த நூலகத்துக்கே என்று உயிலை மாற்றி எழுதிவிட்டு 1925-இல் கண்மூடினார் அந்த மனிதர்.

ஹோர்யூஜி கோயிலில் நூற்றாண்டுகளாகத் துணி சுற்றி மூடி வைத்திருந்த கன்னோன் என்ற போதிசத்துவர் சிலையை, திறந்தால் பூமி அதிரும் என்று துறவிகள் நடுங்க நடுங்க, 1884-இல் திறக்க வைத்தவர் அமெரிக்கர் ஃபெனலோசா, தெரியுமா? ஜப்பானியப் பிள்ளைகள் இன்று படிக்கும் பேய்க் கதைகள் பலவற்றை எழுதியவர் கிரேக்கத் தாய்க்கும் அயர்லாந்துத் தந்தைக்கும் பிறந்த லஃப்காடியோ ஹெர்ன், தெரியுமா? ஒரு கண் பார்வை இழந்தவர், 1890-இல் வந்தார். மனைவி செட்சு புத்தகத்தைப் பார்த்து வாசித்தால் அவருக்குப் பிடிக்காது, சொந்த வார்த்தையில் சொல்ல வேண்டும். இரவில் விளக்கைத் தணித்துவிட்டு அந்த அம்மா கொச்சை மொழியில் சொல்லச் சொல்ல எழுந்ததுதான் 1904-இல் வந்த 'க்வைதான்'. அவர் பெயரோடு செட்சுவின் பெயரையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

1916-இல் தாகூர் போனார். தெருவில் கூச்சல் இல்லாததையும், மூன்று வரியில் கவிதை முடிந்துவிடுவதையும் கண்டு சொக்கினார். ஆனால் டோக்கியோ மேடையிலேயே அந்த நாட்டின் தேசிய வெறியைக் கண்டிக்கவும் தயங்கவில்லை. புகழ்ந்தவர்களில் இப்படி முகத்துக்கு நேரே சொன்னவர்கள் குறைவு. அதே 1916-இல் புதுச்சேரியில் இருந்த நம் பாரதி ஜப்பானியக் கவிதையின் சுருக்கத்தை வியந்து 'சுதேசமித்திர'னில் எழுதினார்!

ஒருமுறைகூடப் போகாமல், போர்க்காலத்தில் அமெரிக்காவிலிருந்த ஜப்பானியரைக் கேட்டறிந்து அமெரிக்க மானிடவியலாளர் ரூத் பெனடிக்ட் எழுதிய 1946-ஆம் ஆண்டு நூல், ஜப்பானிலேயே பல லட்சம் பிரதிகள் விற்றது. கூர்மையான மூளை, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஒரு தேசத்தின் மனதை ஒரே சூத்திரத்தில் அடைத்த அந்த நூலைவிட, வார் தேடிப் போன குதிரைக்காரரைக் கண்ட இசபெல்லாவின் ஒரு பத்தியே எனக்குப் பெரிது.

இந்த நூல்களில் பலவற்றுக்குக் காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டது. இசபெல்லா பேர்டின் பயண நூலும் ஹெர்னின் 'க்வைதா'னும் ஆங்கிலத்தில் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஜப்பானுக்கு டிக்கெட் எடுத்தவர்களும் எடுக்கப் போகிறவர்களும் இசபெல்லாவில் தொடங்குங்கள்.