விபத்துக் காயமும் வியாபாரியின் கணக்கும்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் சரக்கு எடுத்து நெடுஞ்சாலை வழியே தருமபுரி திரும்பும் மளிகை வியாபாரிகள் தொப்பூர் கணவாயைக் கடந்தே வரவேண்டும். 2024 ஜனவரி 24ஆம் நாள் அங்கு நடந்த விபத்தில் நால்வர் உயிரிழந்தனர். உயிர் பிழைத்தாலும், கை கால் முறிந்தால் கடை மாதக்கணக்கில் மூடிக் கிடக்கும். அந்த நிலையில் சட்டப்படி வரவேண்டிய இழப்பீடு நம் கவனக்குறைவால் குறைந்துவிடக் கூடாது. உறுப்பினர்கள் கீழ்க்கண்டவற்றை மனதில் கொள்வது நல்லது.

1. முதலில் சிகிச்சை. 108க்குச் சொல்லுங்கள். எந்த வண்டி, எப்படி மோதியது என்பதை டாக்டரிடம் உள்ளபடி கூறுங்கள். ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டில் எழுதப்படுவது முக்கியச் சாட்சியம். போலீஸ் தொல்லை வேண்டாமென்று உறவினர்கள் "தானாகத் தவறி விழுந்தார்" என்று சொல்லிவிட்டால், பிற்பாடு இன்சூரன்ஸ் கம்பெனி அதையே பிடித்துக்கொள்ளும்.

2. அன்றைக்கே போலீசில் புகார் கொடுங்கள். வண்டி எண், பார்த்தவர்களின் பெயர், முகவரி, படங்கள் ஆகியவை தேவை. எஃப்.ஐ.ஆர். நகல் புகார்தாரருக்கு இலவசம். இடித்த வண்டி எதுவென்று தெரியாமற்போனாலும் புகார் அவசியம். 2022 ஏப்ரல் 1 முதல் அப்படிப்பட்ட விபத்துகளில் கொடுங்காயத்துக்கு ரூ.50,000, உயிரிழப்புக்கு ரூ.2 லட்சம் எனச் சட்டம் வகுத்துள்ளது.

3. மருந்துச் சீட்டு, பில், எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் சம்மரி, ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த வண்டி வாடகை அனைத்தையும் ஒரே ஃபைலில் சேருங்கள். கடை மூடிய நாட்களையும், மாற்றாள் வைத்திருந்தால் அவருக்குக் கொடுத்த சம்பளத்தையும் தேதிவாரியாகக் குறித்து வையுங்கள்.

4. சாலையோரத்தில் பேரம் பேசிப் பணம் வாங்குவதும், வெற்றுத்தாளில் கையெழுத்திடுவதும் வேண்டவே வேண்டாம்.

இவை எல்லோருக்கும் பொருந்துபவை. வியாபாரிக்கென்று தனியாக ஒன்று உண்டு. அது வருமானச் சான்று. மாதச் சம்பளக்காரர் ஒரு சான்றிதழில் வருமானத்தை நிரூபித்துவிடுவார். நமக்குக் கணக்குப் புத்தகம்தான் சாட்சி.

உதாரணமாக, 38 வயது வியாபாரிக்கு 20 விழுக்காடு வருமான இழப்பு தரும் நிரந்தர ஊனம் என்று வைத்துக்கொள்வோம். அந்த வயதுக்கு உச்ச நீதிமன்றம் 2009இல் வகுத்த பெருக்கெண் 15. மாத வருமானம் ரூ.20,000 என்று நிரூபித்தால் இந்த வகையில் மட்டும் ரூ.7,20,000 வரும். சான்று இல்லாமல் ரூ.10,000தான் என்று தீர்ப்பாயம் உத்தேசித்தால் ரூ.3,60,000தான். இழப்பு சரிபாதி!

விபத்தில் காலை இழந்த ஒரு காய்கறி வியாபாரியின் வழக்கில், 2014இல் உச்ச நீதிமன்றம் கீழ்க்கோர்ட்டுகள் கணக்கிட்ட வருமானத்தை ரூ.6,500 ஆக உயர்த்தியது. ஆயினும் அவர் கோரியது மாதம் ரூ.10,000. சிறு வியாபாரியிடம் சான்று இல்லையென்பதற்காகக் கோர்ட் அவரைக் கைவிடுவதில்லை. ஆனால் முழுத்தொகையும் கிடைக்கும் என்று நம்பி இருக்கவும் முடியாது.

எனவே வருமான வரி ரிட்டர்ன், ஜி.எஸ்.டி. தாக்கல், கொள்முதல் பில், வங்கி வரவு, நாள்வழி, பேரேடு ஆகியவற்றை ஒழுங்காக வைத்திருங்கள். விபத்துக்குப் பின் அவசரமாகத் தாக்கல் செய்யும் ரிட்டர்னைக் கோர்ட் சந்தேகத்துடனேயே பார்க்கும். வரி மிச்சம் என்று வருமானத்தைக் குறைத்துக் காட்டியவர், வழக்கில் அதிகம் கேட்பதும் கடினம்.

விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு செய்யவேண்டும் என்ற விதி 2022 ஏப்ரல் 1இல் அமலுக்கு வந்தது. இதை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை சென்றுள்ளன. அவற்றை நம்பிக் காலம் கடத்தாதீர்கள். விபத்து வெளியூரில் நடந்திருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் ஊருக்குரிய தீர்ப்பாயத்திலேயே மனு கொடுக்கலாம். வழக்கறிஞர் வைக்க வசதியற்றோர் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம்.

கணக்கு சரியாக இருந்தால் வழக்கும் நிற்கும். இன்றைய வரவு செலவை இன்றே எழுதி வையுங்கள்.