சிங்கப்பூர் - நியூயார்க்: கூரைக்குள் ஒளிந்திருக்கும் படுக்கையறை!

விமானத்தின் பின்கோடியில் ஒடுக்கமாக ஒரு கதவு. பார்த்தால் ஏதோ அலமாரி என்றுதான் தோன்றும். திறந்தால் படிக்கட்டு! ஏறிப்போனால், பயணிகளின் தலைக்கு நேர் மேலே வரிசையாகப் படுக்கைகள், திரைச்சீலைகள். கீழே நீங்கள் படம் பார்த்துக்கொண்டிருக்க, சிப்பந்திகள் மேலே முறைபோட்டுத் தூங்குகிறார்கள். முன்பக்கம் விமானிகளுக்கும் இப்படி ஒரு ரகசிய அறை உண்டு. மொத்தம் நான்கு விமானிகள், மாறி மாறி ஓட்டுகிறார்கள்.

பின்னே? சிங்கப்பூரின் சாங்கியில் கிளம்பினால் நியூயார்க்கின் ஜே.எஃப்.கே. விமான நிலையத்தில்தான் தரையிறங்கும். இன்றைய தேதிக்கு உலகின் மிக நீளமான இடைநில்லாப் பயணிகள் சேவை, சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் இந்தச் சேவைதான். நேர்தூரம் சுமார் 15,350 கிலோமீட்டர், நேரம் பதினெட்டரை மணிக்கும் மேலே!

ஓர் உலக உருண்டையை எடுத்து இரண்டு ஊருக்கும் நூல் பிடித்துப் பாருங்கள். நூல் வடதுருவத்தை உரசிக்கொண்டு போகும்! இரண்டும் பூமியின் ஏறக்குறைய எதிரெதிர்ப் பக்கங்களில் இருப்பதால் வரும் வேடிக்கை இது. கோடைக்காலத்தில் நேர வித்தியாசம் மிகச் சரியாக 12 மணி. கடிகார முள்ளைத் தொடவே வேண்டாம், பகலும் இரவும்தான் இடம் மாறியிருக்கும்.

ஆனால் விமானம் எல்லா நாளும் அந்த நூல் வழியே போவதில்லை. இங்கேதான் எனக்குப் புல்லரிக்கிறது! ஒவ்வொரு பயணத்துக்கும் காற்றைப் பார்த்துத்தான் பாதை போடுகிறார்கள். மேற்கிலிருந்து கிழக்கே பாயும் ஜெட் காற்றோட்டம் பலமான நாட்களில் மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டும். பசிபிக் மேலே அதன் முதுகில் ஏறிக்கொண்டால், தூரம் ஆயிரம் கிலோமீட்டர் கூடினாலும் நேரமும் எரிபொருளும் மிச்சம். திரும்பும்போது அட்லாண்டிக் பக்கமாக வந்தால், போக வர இரண்டுமே கிழக்கு நோக்கி, பூமியையே ஒரு சுற்று!

இத்தனை நீளப் பயணத்துக்கென்றே உருவானது ஏர்பஸ் ஏ350-900 யூஎல்ஆர் (அதிநெடுந்தூர வகை). எரிபொருள் மட்டும் 1,65,000 லிட்டர் கொள்ளும்; சாதாரண ஏ350-900ஐவிட 24,000 லிட்டர் அதிகம். புதுத் தொட்டி எதுவும் வைக்கவில்லை. இருக்கிற தொட்டிக்குள்ளேயே குழாய்களையும் உணரிகளையும் மாற்றி இடம் பிடித்தார்கள். அபாரம்! நிரப்பிக்கொண்டு கிளம்பும்போது எடையில் கிட்டத்தட்ட பாதி எரிபொருள்தான். அதனால் தொடக்கத்திலேயே உச்சிக்கு ஏற முடியாது. எரிய எரிய எடை குறையும்; படிப்படியாக உயரம் கூடும்.

எடைக்குக் கொடுத்த விலையும் உண்டு. முன்பக்கச் சரக்கு அறைக்குப் பூட்டு. இருக்கைகள் 161 மட்டுமே, எகானமி வகுப்பே கிடையாது. இது முதல் முயற்சியும் அல்ல. 2004இல் இதே சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நான்கு எஞ்சின் ஏ340-500ஐ வைத்து நியூயார்க்கை ஒட்டிய நியூவார்க்குக்குப் பறந்தது. எரிபொருள் செலவு தாங்காமல் 2013இல் நிறுத்தியது. இரண்டே எஞ்சின் கொண்ட யூஎல்ஆர்தான் 2018இல் அந்த வழியை மீட்டது, ஜே.எஃப்.கே. சேவை 2020 நவம்பரில் வந்தது.

அடுத்த முறை நெடுந்தூர விமானம் ஏறினால், இருக்கைத் திரையில் வரைபடத்தைப் போடுங்கள். காற்றின் வேகமும் விமானத்தின் உயரமும் மாறுவதைக் கவனியுங்கள். எந்தப் படத்தையும்விட அதுதான் சுவாரஸ்யம்!