தாங்க முடியாத வயிற்று வலி, ஆனால் ரிப்போர்ட் நார்மல்: குடலுக்கு ரத்தம் நின்றுபோனதை லாக்டேட் டெஸ்ட் காட்டிக்கொடுக்குமா?

பாந்த்ரா-குர்லா காம்ப்ளெக்ஸில் வேலை முடித்து, ஹார்பர் லைன் ரயிலில் வாஷி வந்து சேரும்போது இரவு 11 மணி. வீட்டில் அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடக்கிறார். "கேஸ்தான்மா, ஓமத் தண்ணி குடிச்சா சரியாயிடும்" என்கிறார்.

இது கற்பனைக் காட்சிதான். பெரும்பாலான வீடுகளில் அப்பா சொன்னபடியே வலி அடங்கியும் விடும். ஆனால் அவருக்கு வயது 68, சீரற்ற இதயத் துடிப்பு இருக்கிறது, ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரையை "இப்போ நல்லாத்தானே இருக்கேன்" என்று இரண்டு வாரம் முன்பு நிறுத்திவிட்டார் என்றால்? அப்போது டாக்டர்கள் பயப்படும் ஒரு காரணம் இருக்கிறது: குடலுக்குப் போகும் ரத்தக் குழாய் அடைத்துக்கொள்வது. மருத்துவத்தில் இதன் பெயர் மெசென்டெரிக் இஸ்கீமியா.

உள்ளே என்ன நடக்கிறது?

நாம் ஓய்வாக இருக்கும்போது, இதயம் வெளியேற்றும் ரத்தத்தில் சுமார் 20 முதல் 25 சதவீதம் குடல், கல்லீரல் உள்ளிட்ட வயிற்று உறுப்புகளுக்குப் போகிறது. சிறுகுடலின் பெரும்பகுதிக்கு ரத்தம் தருவது ஒரே ஒரு பெரிய தமனி. இதயத்தில் உருவான ரத்தக்கட்டி அதில் வந்து சிக்கினால், முதலில் குடலின் உள்சுவர் சேதமடையும். முழு அடைப்பாக இருந்தால் சுமார் 6 மணி நேரத்தில் குடல் சுவரின் மொத்த ஆழமும் மீள முடியாதபடி கெட்டுப்போகலாம்.

இது அரிதான நோய். அவசர அறுவை சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்படும் 1,000 பேரில் 1 அல்லது 2 பேருக்கு இருக்கலாம். ஆனால் வந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் இறந்துபோவதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. முக்கியக் காரணம், தாமதமாகக் கண்டுபிடிப்பது. தொடக்கத்தில் நோயாளி வலியில் துடிப்பார், ஆனால் டாக்டர் கை வைத்து அழுத்தினால் வயிறு மெத்தென்றுதான் இருக்கும். இந்தப் பொருத்தமின்மைதான் முதல் துப்பு.

லாக்டேட் என்ன சொல்கிறது?

ஆக்சிஜன் கிடைக்காத செல்கள் சர்க்கரையை முழுதாக எரிக்க முடியாமல் லாக்டேட்டாக மாற்றுகின்றன. ரத்தத்தில் இது பொதுவாக லிட்டருக்கு 2 மில்லிமோலுக்குள் இருக்கும். ஐசியு வசதி உள்ள மருத்துவமனையில் சில நிமிடங்களில் அளந்துவிடலாம். அப்படியானால் லாக்டேட் ஏறினால் குடல் ஆபத்தில் இருக்கிறது, ஏறாவிட்டால் நிம்மதி என்று சொல்லலாமா?

முடியாது. குடலிலிருந்து திரும்பும் ரத்தம் நேராக இதயத்துக்குப் போவதில்லை. முதலில் கல்லீரலுக்குப் போகிறது. கல்லீரல் லாக்டேட்டை எடுத்துப் பயன்படுத்திக்கொள்ளும். அதனால் ஆரம்ப மணி நேரங்களில் குடல் தவித்துக்கொண்டிருந்தாலும் கையில் எடுத்த ரத்தத்தில் அளவு நார்மலாக வரலாம். கல்லீரல் சமாளிக்க முடியாத அளவுக்கு லாக்டேட் கூடும்போது, பல சமயம் குடலின் ஒரு பகுதி ஏற்கெனவே அழுகத் தொடங்கியிருக்கும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. கடுமையான நோய்த்தொற்று, வலிப்பு, கல்லீரல் நோய், சிறுநீரகம் செயலிழந்த நிலையில் மெட்ஃபார்மின் மாத்திரை என வேறு பல காரணங்களாலும் லாக்டேட் ஏறும்.

வேறு டெஸ்ட் இல்லையா?

கோவிட் காலத்தில் எல்லோருக்கும் அறிமுகமான டி-டைமர் இருக்கிறது. ரத்தக்கட்டி கரையும்போது உண்டாகும் பொருள் இது. இந்த நோயில் பெரும்பாலும் உயர்ந்திருக்கும். ஆனால் தொற்று, அறுவை சிகிச்சை, கர்ப்பம், முதுமை என எதிலும் உயரும்.

டி-லாக்டேட் என்பது லாக்டேட்டின் இன்னொரு வடிவம். இதைப் பெரும்பாலும் குடல் பாக்டீரியாக்கள்தான் உற்பத்தி செய்கின்றன. குடல் சுவர் பழுதானால் ரத்தத்தில் கசியும். வழக்கமான லாக்டேட் டெஸ்டில் இது தெரியாது.

ஆராய்ச்சியாளர்கள் அதிகம் எதிர்பார்ப்பது ஐ-எஃப்ஏபிபி என்ற புரதத்தை. சிறுகுடலின் உள்சுவரில் உள்ள செல்களுக்குள் இருக்கும் இது, அந்தச் செல்கள் உடைந்ததும் ரத்தத்திலும் பிறகு சிறுநீரிலும் வந்துவிடும். அதாவது குடலே நேரடியாக அனுப்பும் தகவல். ஆனால் எந்த அளவைத் தாண்டினால் ஆபத்து என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. நள்ளிரவில் கேஷுவால்டியில் கேட்டுப் பெறக்கூடிய டெஸ்டாக இது இன்னும் வரவில்லை.

பின் எதை நம்புவது?

சிடி ஆஞ்சியோகிராம். நரம்பில் கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்தி ரத்தக் குழாய்களைப் படம் எடுப்பது. சந்தேகம் வந்தாலே இதைத் தாமதமின்றி எடுக்க வேண்டும் என்கிறது உலக அவசர அறுவை சிகிச்சை சங்கம் 2017-ல் வெளியிட்டு 2022-ல் புதுப்பித்த வழிகாட்டுதல். நோய் இருக்கிறது அல்லது இல்லை என்று உறுதியாகச் சொல்ல எந்த ரத்தப் பரிசோதனையும் போதாது என்பதும் அதில் உண்டு. கிரியாட்டினின் கூடுதலாக இருந்தாலும் படம் எடுப்பதைத் தள்ளிப்போடக் கூடாது. அடைப்பைத் தவறவிட்டால் வரும் இழப்பு, சிறுநீரகத்துக்கு வரக்கூடிய பாதிப்பைவிடப் பெரியது.

சீக்கிரம் கண்டுபிடித்தால் கட்டியை அகற்றி ரத்த ஓட்டத்தை மீட்கலாம். தாமதமானால் அழுகிய குடலை வெட்டி எடுக்க வேண்டும். மிச்சமிருக்கும் குடல் மிகக் குட்டையாக இருந்தால், உயிர் பிழைத்தவருக்கும் நரம்பு வழியாகத்தான் உணவு.

வயதானவர்களுக்கு மட்டுமா?

இல்லை. வாத நோயால் வால்வு கெட்டவர்கள், ரத்தம் எளிதில் உறையும் பரம்பரைத் தன்மை உள்ளவர்கள் இளம் வயதிலேயே பாதிக்கப்படலாம். குடலின் சிரைகளில் ரத்தம் உறைவது இன்னொரு வகை. இதில் வலி சில நாட்களாக மெல்லக் கூடும். உயரமான மலைப்பகுதிகளில் நீண்ட காலம் பணியில் இருந்த வீரர்களுக்கு ரத்தக்கட்டிப் பிரச்சினைகள் கூடுவதை இந்திய ராணுவ மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கோவிட் நோயாளிகள் சிலருக்கும் குடல் ரத்தக் குழாய்கள் அடைத்தன.

நீங்கள் செய்ய வேண்டியது

வலி மாத்திரை கொடுத்துவிட்டு விடியும்வரை காத்திருக்க வேண்டாம். 108-ஐ அழையுங்கள், அல்லது இரவிலும் சிடி ஸ்கேன் இயங்கும் மருத்துவமனைக்கு நேராகப் போங்கள். பக்கத்து நர்சிங் ஹோமில் அந்த வசதி உண்டா என்பதை இன்றே விசாரித்து வைப்பது நல்லது.

டாக்டரிடம் மூன்று விஷயங்களைச் சொல்லுங்கள்: வலி எத்தனை மணிக்குத் தொடங்கியது, இதயத் துடிப்புக் கோளாறோ பழைய ரத்தக்கட்டியோ உண்டா, எந்த மாத்திரையை நிறுத்தினார். ரிப்போர்ட் நார்மல் என்று வந்த பிறகும் வலி அடங்கவில்லை என்றால், "டாக்டர், குடலுக்கு ரத்தம் போறதுல அடைப்பு இருக்குமோ? சிடி ஆஞ்சியோ தேவைப்படுமா?" என்று தயங்காமல் கேளுங்கள்.