தடுப்பூசி போட்டால் காய்ச்சல் வருகிறதே, ஏன்?

இந்த மாதச் சுவர் இதழுக்கு நான் கவிதைதான் எழுதுவதாக இருந்தேன். ஆனால் எங்கள் வீட்டில் நடந்ததை எழுதினால் எல்லோருக்கும் பயன்படும் என்று தோன்றியது. அதனால் கட்டுரை.

என் சித்திக்கு ஆண் குழந்தை பிறந்து, அம்மாச்சி வீட்டில் இருக்கிறார்கள். ஒன்றரை மாதம் முடிந்ததும் ஒரு புதன்கிழமை தம்பிக்கு ஊசி போட்டு வந்தார்கள். இரண்டு தொடையிலும் ஊசி, வலது கையில் தோலுக்குள் ஒரு சின்ன ஊசி, வாயில் சொட்டு மருந்து. அன்று ராத்திரி தம்பிக்கு உடம்பு கொதித்தது. இடது தொடை வீங்கி கல்லு மாதிரி இருந்தது. தொட்டாலே வீல் வீல்னு அழுகை. நர்சம்மா காய்ச்சல் மருந்து கொடுத்துத்தான் அனுப்பியிருந்தார்கள். ஆனால் சித்தி, "ஊசி மருந்துக்கு மேல இன்னொரு மருந்தா?" என்று பயந்து கொடுக்கவே இல்லை. விடிய விடிய யாரும் தூங்கல.

இரண்டாம் நாள் சரியாகிவிட்டது. ஆனால் அம்மாச்சி, "நல்லா இருந்த பிள்ளைய நாமளே சீக்காளி ஆக்கணுமா? இனிமே ஊசியே வேணாம்" என்று சொல்லிவிட்டார். இரண்டாவது ஊசிக்கான புதன்கிழமை வந்தது. சித்தி போகவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கும் அம்மாச்சி சொல்வதுதான் சரின்னு பட்டது.

சாயங்காலம் நர்சம்மா வீட்டுக்கே வந்துவிட்டார்கள். அவர்கள் சொன்னதையும், அறிவியல் டீச்சரிடம் நான் கேட்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

இடது தொடையில் போட்டதற்குப் பெயர் பென்டாவேலன்ட். பென்டா என்றால் ஐந்து. தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், டெட்டனஸ், மஞ்சள் காமாலை பி, ஹிப் கிருமியால் வரும் நிமோனியாவும் மூளைக்காய்ச்சலும், இத்தனைக்கும் ஒரே ஊசி. 2011 டிசம்பரில் அரசு இதை இந்தியாவிலேயே முதலில் ஆரம்பித்தது தமிழ்நாட்டிலும் கேரளாவிலும்தான். இதில் உயிருள்ள கிருமி கிடையாது. கக்குவான் கிருமியை மட்டும் கொன்று முழுசாகச் சேர்த்திருக்கிறார்கள். ஆனால் அது செத்த கிருமி என்று நம் உடம்புக்குத் தெரியாதே! நிஜ எதிரி வந்துவிட்டான் என்று வெள்ளை அணுக்கள் ஓடி வரும். அந்த இடத்தில் ரத்த ஓட்டம் கூடும். அதுதான் சிவப்பு, வீக்கம், வலி. வெள்ளை அணுக்கள் சில வேதிப்பொருள்களைச் சுரக்கும். அந்தச் செய்தி மூளைக்குப் போனதும் மூளை உடம்புச் சூட்டை ஏற்றும். அதுதான் காய்ச்சல். இந்தச் சண்டையில்தான் எதிர்ப்பொருள் உண்டாகிறது.

காய்ச்சல் வராத குழந்தைக்கு ஊசி பிடிக்கவில்லை என்று எங்கள் அம்மா நினைத்திருந்தார். அது தப்பு. வராவிட்டாலும் ஊசி வேலை செய்யும்.

பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் காய்ச்சல் விட்டுவிடும். நர்சம்மா சொன்ன அளவில் பாராசிட்டமால் கொடுக்கலாம். அந்த அளவு குழந்தையின் எடையைப் பார்த்துச் சொல்வது, அதனால் பக்கத்து வீட்டில் சொன்ன அளவைக் கொடுக்கக் கூடாது. தாய்ப்பால் நிறுத்தக் கூடாது. வீக்கத்தின் மேல் ஈரத்துணி வைக்கலாம், தேய்க்கக் கூடாது. அம்மாச்சி சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்துத் தயாராக வைத்திருந்தார். நர்சம்மா பார்த்த பார்வையில் கிண்ணம் உள்ளே போய்விட்டது.

எல்லா ஊசியும் ஒரே மாதிரி இல்லை. பிறந்தவுடன் இடது கையில் போடும் பிசிஜி சில வாரம் கழித்துக் கொப்புளமாகி, உடைந்து, தழும்பாகும். நம்மில் நிறையப் பேர் கையில் இருக்கிறதே, அதுதான். தட்டம்மை ரூபெல்லா ஊசிக்கு ஒரு வாரம் பத்து நாள் கழித்துக்கூட லேசான காய்ச்சலும் தடிப்பும் வரலாம். அதில் இருப்பது உயிருள்ள, ஆனால் பலவீனமாக்கிய வைரஸ். அது உடம்பில் கொஞ்சம் பெருகிய பிறகுதான் சண்டை தொடங்கும், அதனால்தான் தாமதம்.

இதெல்லாம் சாதாரணம். சாதாரணம் இல்லாததும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. ஊசி போட்ட சில நிமிடத்திலேயே மூச்சுத் திணறல், முகம் வீங்குவது போன்ற கடுமையான ஒவ்வாமை வரலாம். ஏறக்குறைய பத்து லட்சம் ஊசிக்கு ஒருவர் என்ற கணக்கில்தான் வரும். வந்தால் உடனே அட்ரினலின் ஊசி போட வேண்டும். அரைமணி நேரம் அங்கேயே உட்காரச் சொல்வது இதற்காகத்தான். நம்ம ஆட்கள் பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு ஓடிவிடுகிறார்கள்! வீட்டுக்கு வந்த பிறகு வலிப்பு வந்தாலோ, மூன்று மணி நேரம் விடாமல் அழுதாலோ, பால் குடிக்காமல் துவண்டாலோ, காய்ச்சல் இரண்டு நாளுக்கு மேல் போனாலோ ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

மயக்கம் வேறு. பத்தாம் வகுப்பு அக்காக்களுக்கு டி.டி. ஊசி போட்ட அன்று ஒரு அக்கா மயங்கி விழுந்தார். அதைப் பார்த்து இன்னும் இரண்டு பேருக்குத் தலை சுற்றியது. அது மருந்தால் அல்ல. பயத்தில் ரத்த அழுத்தம் குறைவதால் வருவது. படுக்க வைத்துக் காலைத் தூக்கிப் பிடித்ததும் எழுந்துவிட்டார்கள். உட்கார்ந்து ஊசி போட்டுக்கொண்டால் விழுந்து அடிபடாது.

ஊசிக்குப் பின்னால் நடப்பதெல்லாம் ஊசியால் நடப்பதும் இல்லை. 2021 ஏப்ரலில் நடிகர் விவேக் கொரோனா தடுப்பூசி போட்ட இரண்டாம் நாள் இறந்தபோது எங்கள் தெருவிலும் பலர் பயந்து போடாமல் இருந்தார்கள். தேசியக் குழு ஆராய்ந்து, அவர் மரணம் மாரடைப்பால், தடுப்பூசியால் அல்ல என்று அந்த வருட அக்டோபரில் சொன்னது. பயந்தது உடனே பரவியது, இந்தச் செய்தி அந்த அளவு பரவவில்லை.

இவ்வளவும் கேட்டும் அம்மாச்சி அசையவில்லை. நர்சம்மா கடைசியாக, "நீங்க கக்குவான் பாத்திருக்கீங்களாம்மா?" என்று கேட்டார்கள். அம்மாச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "என் தம்பி அதுலதான் போனான். இருமி இருமி நீலமாயிருவான். மூச்சு இழுக்கும்போது கூவுற மாதிரி சத்தம் வரும்" என்றார். அப்படி ஒரு தம்பி இருந்ததே எங்களுக்குத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாதாம்.

தவணை தள்ளிப்போனால் முதலிலிருந்து போட வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்று நர்சம்மா சொன்னார்கள். அடுத்த புதன்கிழமை அம்மாச்சிதான் தம்பியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். அன்று ராத்திரியும் காய்ச்சல் வந்தது. இந்த முறை மருந்து கொடுத்தோம், தம்பி தூங்கினான். நாங்களும் தூங்கினோம்.

வருகிற புதன்கிழமை மூன்றாவது ஊசி. அட்டையைப் படித்துக் கேள்வி கேட்க நான் கூட வரணும் என்று சித்தி சொல்லிவிட்டார். அதனால் அன்று முதல் இரண்டு பாடவேளை வரமாட்டேன். வகுப்பாசிரியை மன்னிக்கவும், லீவ் லெட்டர் தனியாகத் தருகிறேன்.