டையூவுக்குப் போகிறீர்களா?

குஜராத்தில் குடியிருக்கும் நம்மவர்கள் சோமநாதரைத் தரிசித்துவிட்டு அப்படியே ஊர் திரும்பிவிடுகிறார்கள். இன்னும் இரண்டு மணி நேரம் சாலையில் போனால் டையூ தீவு. "டையூவா?" என்று கேட்டுவிட்டு ஒரு மாதிரியாகச் சிரிப்பவர்களும் உண்டு. குஜராத்தில் மதுவிலக்கு, அங்கே இல்லை. அதனால் வந்த சிரிப்பு. குடும்பத்தோடு போகக் கூடாத ஊர் என்று நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

முதல் தடவை போனபோது நேரே கோட்டைக்குப் போனேன். மூன்று புறம் கடல். நிலத்தை ஒட்டிய பக்கத்தில் பாறையைக் குடைந்து அகழி. ரயில்வேயில் பாறை வெட்டுகளில் வேலை பார்த்தவன் என்பதால், பீரங்கிகளை விட்டுவிட்டு அந்த அகழியின் பக்கச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். வெடி வைத்த அடையாளமே இல்லை. எல்லாம் உளி வேலை. ஆனால் இவ்வளவு பெரிய மதில்களுக்கு அகழியில் வெட்டிய கல் மட்டும் போதுமா? மீதியைக் கப்பலில் கொண்டுவந்திருப்பார்கள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். அது தவறு.

இரண்டாம் தடவை பேத்தியின் பிடிவாதத்தால் நாய்டா குகைகளுக்குப் போனோம். ஊரின் பழைய மதிலுக்கு வெளியே, சற்றுத் தூரத்தில் இருக்கிறது. குகை என்றாலும் அது கல் வெட்டிய பள்ளம்தான். சதுரம் சதுரமாக, படிப்படியாகக் கல்லை அறுத்து எடுத்திருக்கிறார்கள். மேலே திறப்புகள் வழியாக வெளிச்சம் விழுகிறது. மர வேர்கள் தொங்குகின்றன. போர்ச்சுகீசியர் கோட்டைக்குக் கல் எடுத்த இடம் இது என்கிறார்கள். உளித் தடத்தைப் பார்த்த பிறகு எனக்குச் சந்தேகம் இல்லை. ஆகவே முதலில் நாய்டாவைப் பார்த்துவிட்டுக் கோட்டைக்குப் போங்கள். கோட்டை வேறு மாதிரித் தெரியும்.

ஹுமாயூனுக்கு அஞ்சிய குஜராத் சுல்தான் பகதூர் ஷா, 1535-ல் போர்ச்சுகீசியருக்கு இங்கே கோட்டை கட்ட இடம் கொடுத்தார். 1537-ல் டையூ கடலில் அவர்கள் கையாலேயே மாண்டார். 1538-லும் 1546-லும் பெரிய முற்றுகைகள். அப்படியும் 1961 டிசம்பர் 19 வரை அவர்கள் நகரவில்லை. 

புனித பவுல் தேவாலயத்தின் முகப்பையும் மர வேலைப்பாட்டையும் பார்க்க அரை மணி போதும். ஃபுதம் கிராமத்தருகே கங்கேஸ்வரர்: பாறை இடுக்கில் ஐந்து லிங்கங்கள், அலையே அபிஷேகம் செய்கிறது. கடல் பெருகும் நேரத்தை உள்ளூரில் விசாரித்துக்கொண்டு போங்கள். நாகோவா கடற்கரையில் என் மனைவி அசந்து நின்றது கடலைப் பார்த்து அல்ல. "பனைமரம் எங்கேயாவது கிளை விடுமா?" என்றாள். ஹோக்கா என்று பெயராம். கவட்டை கவட்டையாகப் பிரிந்து நிற்கிறது. நம் ஊர்ப் பனைக்குத் தூரத்து உறவு.

கடைசியாக குக்ரி நினைவிடம். 1971 டிசம்பர் 9 இரவு, டையூவிலிருந்து சுமார் 40 கடல் மைல் தூரத்தில், பாகிஸ்தான் நீர்மூழ்கிக் கப்பல் நம் 'குக்ரி' போர்க்கப்பலை மூழ்கடித்தது. 18 அதிகாரிகள், 176 மாலுமிகள். கேப்டன் மகேந்திர நாத் முல்லா தன் உயிர்காப்பு அங்கியை ஒரு மாலுமிக்குக் கொடுத்துவிட்டுக் கப்பலோடு போனார். கண்ணாடிக்குள் கப்பலின் மாதிரி ஒன்று கடலைப் பார்த்தபடி இருக்கிறது. "இவர் ஏன் தாத்தா குதிக்கலை?" என்றாள் பேத்தி. எனக்கு உடனே பதில் வரவில்லை. கடற்கரைக் கடைகளில் அவ்வளவு கூட்டம். இங்கே நாங்கள் இருந்த நேரம் முழுக்க இன்னும் ஒரே ஒரு குடும்பம்தான் வந்தது.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். தீபாவளி விடுமுறையையும் ஆங்கிலப் புத்தாண்டையும் தவிர்த்துவிடுங்கள். அறையும் கிடைக்காது, அமைதியும் கிடைக்காது. வேராவல் வரை ரயில், பிறகு சாலை. முட்டிவலிக்காரர்கள் கோட்டையை வெயிலுக்கு முன் காலையிலேயே முடித்துவிடலாம்.